வார்டன் போட்ட ஓகே

ஒரு கல்லூரி விடுதியில் சொர்ணத்தாய் சமையல் வேலை பார்த்தாள். மகளின் பிரசவத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஆங்கிலப் பேராசிரியரான வார்டன் ஞானசிகாமணி அதில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு நாளும் வாய்க்கு ருசியாகச் சாப்பாடு கிடைக்காத கோபத்தில், அவள் திரும்பி வந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

"நீங்கதானே சார் ஓகே போட்டீங்க?"

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வார்டன் விளக்கினார். "ஓகேன்னா பார்த்தேன்னு அர்த்தம். சம்மதம்னு இல்லை. 'எல்லாம் சரி'ங்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை அமெரிக்காக்காரன் வேணும்னே தப்பா எழுதி விளையாடினான். அதுல பொறந்தது இந்த ஓகே. அதை நம்பி ஊருக்குப் போவியா?"

சொர்ணத்தாய் தலையாட்டிக்கொண்டாள். பிறகு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த, வார்டனிடமே ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பிகளா, உங்க தீசிஸ்லயும் சார் ஓகேதானே போட்டிருக்காரு?"

பதினோரு பேர் சோற்றுக்கையோடு எழுந்து நின்றார்கள்.

"அதெல்லாம் சம்மதம்தான்!" என்றார் வார்டன் அவசரமாக.

"அப்ப எனக்குப் போட்டது மட்டும் என்ன சார்?"

வார்டன் பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"போய் அடுப்பைக் கவனிம்மா" என்றார்.

இப்போதெல்லாம் அவர் 'இதற்கு நான் சம்மதிக்கிறேன்' என்று முழுசாக எழுதுகிறார். கை வலிக்கிறது என்கிறார்.