ஈசானி மூலையில் ஒரு மாங்காய்

"பை நிறையப் பாட்டிலுங்க டீச்சர். ஒண்ணுகூட ஒத்து வரலீங்க."

குழந்தைவேலு ஆசாரி பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ஷம்ஷாத் டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. உக்கடத்தில் மெஷின் ரிப்பேர் கடை அவருடையது. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தார். அந்த வேலையை விட்டு வந்தும் டீச்சர் என்ற பெயர் கூடவே வந்துவிட்டது.

வயதில் ஆசாரியின் மூத்த மகளைவிடச் சின்னவர். ஆனாலும் கோயம்புத்தூர் முழுக்க அவர் ஒருவரிடம்தான் ஆசாரி சந்தேகம் கேட்பார். மற்றவர்களிடம் கேட்டால் கௌரவம் என்னாவது?

"என்னங்க ஐயா ஒத்து வரல?"

"ரெசினுங்க. எங்க மெஷின் கம்பெனிக்காரன் புது மாடல் விட்டுட்டான். பழைய மாடலுக்கு ரெசின் போடறதையே நிறுத்திட்டான். கடைசி பாட்டிலும் காலியாயிருச்சு. சரி, வேற கம்பெனி ரெசின் வாங்கலாம்னு பார்த்தா, ஊருல இருக்கற அத்தனை பேரும் ஆளுக்கு ஒண்ணச் சொல்றாங்க. எல்லாத்தையும் வாங்கிட்டேன். ஒண்ணுலயும் உருப்படியா ஒரு உருவம் வரல. எல்லாமே பாதியில பிஞ்சு தொட்டியில ஒட்டிக்குதுங்க."

ஆசாரியின் மெஷின் லேசர் மெஷின். தொட்டியில் ரெசின் என்ற பிசின் திரவத்தை ஊற்றிவிட்டால், அடியிலிருந்து லேசர் ஓடி அடுக்கடுக்காகக் கோடு போடும். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும். மேலே இருக்கும் தட்டில் உருவம் தலைகீழாக வளரும். அந்த உருவத்தை வார்ப்பு மாவுக்குள் புதைத்து, சூளையில் எரித்து, அது இருந்த இடத்தில் தங்கத்தை ஊற்றினால் நகை.

"எல்லாருமே மெஷினைக் காயலான் கடைக்குப் போடச் சொல்றாங்க டீச்சர். எம் மெஷினையா!"

சொல்லும்போதே ஆசாரிக்கு மூக்கு விடைத்தது.

"அவசரமுங்களா ஐயா?"

"மாங்காய் மாலைங்க. படம் நான் போட்டது. நகைக்கடை முதலாளி ஆடி முடியறதுக்குள்ள ஒரு மாங்காயாவது வார்த்துக் காட்டச் சொல்றார். இல்லீன்னா எம் படத்தை எடுத்துப் புது மெஷின்காரன்கிட்டக் கொடுத்துருவேங்கறார். எம் மாங்காயை இன்னொருத்தன் வார்க்கறதுங்களா?"

டீச்சர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மேசையில் நிறுத்தினார். அப்புறம் எல்லாவற்றையும் திரும்பப் பையிலேயே போட்டார்.

"எதுங்க டீச்சர் நல்லது?"

"குன்றிமணி அளவுல ஒரு உருண்டை போடுங்க ஐயா. தட்டு முழுக்கப் போடுங்க. போட்டுட்டுத் தட்டைக் கொண்டாங்க."

"எந்தப் பாட்டிலுலங்க?"

"ஏதோ ஒண்ணுல."

ஏதோ ஒண்ணுல! இதைக் கேட்கவா உச்சி வெயிலில் வந்தோம் என்று நினைத்துக்கொண்டே ஆசாரி பையைத் தூக்கினார்.

*

மறுநாள் ஆசாரி வந்தபோது தட்டில் ஒரு உருண்டைகூட இல்லை. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கசடு ஒட்டியிருந்தது.

"பார்த்தீங்களா? நாஞ் சொன்னதுதான்."

டீச்சர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தட்டு முழுக்கன்னு சொன்னேனுங்க ஐயா."

"ஒரு உருண்டையே வரல, அப்புறம் முழுக்க எதுக்குங்க?"

"எந்த மூலையில போட்டீங்க?"

"ஈசானி மூலையிலதான்."

இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாரே என்று ஆசாரிக்கு இருந்தது. மெஷின் வாங்கிய அன்றைக்கே திசை பார்த்து, தட்டில் வடகிழக்கு எது என்று குறித்து வைத்தவர் அவர். முதல் திருமாங்கல்யம் அந்த மூலையில்தான் வளர்ந்தது. அன்றிலிருந்து கம்மலோ மோதிரமோ எதுவானாலும் அதே மூலைதான். சின்னச் சின்ன உருப்படிக்கு அந்த இடமே தாராளம். மீதித் தட்டு சும்மா கிடந்தது.

"முழுக்கப் போட்டுட்டு வாங்க," என்றார் டீச்சர்.

"டீச்சர், நீங்க மெஷின் படிச்சவங்க. நான் மெஷின்ல சோறு திங்கறவன். முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. கண்ட இடத்துல ஆரம்பிக்க மாட்டேன்."

டீச்சர் தட்டைத் துடைத்து ஆசாரியின் கையில் கொடுத்தார்.

ஆசாரிக்குச் சுருக்கென்றது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் தனக்குள் திட்டிக்கொண்டே நடந்தார். போதும், இனி இந்தப் படி ஏறக்கூடாது என்றுகூட நினைத்தார். ஆனால் மாங்காய் நினைவுக்கு வந்தது. அதன் வளைந்த நுனியை வரைய எத்தனை நாள் ஆனது! அதை இன்னொருவன் கையில் கொடுப்பதைவிட, தட்டு முழுக்க உருண்டை போட்டுத் தொலைப்பது மேல்.

*

பட்டறையில் தட்டு மேலே ஏறி வந்தது.

ஆசாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

தட்டு முழுக்கக் குன்றிமணிகள். முழுசு முழுசாக, வரிசை வரிசையாக, மெழுகு உருட்டினது போல வழவழவென்று தொங்கின.

ஈசானி மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.

ஆசாரி தொட்டியைக் கழற்றி, ரெசினை வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தொட்டியின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு சிலிக்கோன் படுகை உண்டு. அது தெளிவாக இருந்தால்தான் லேசர் மேலே வரும். அந்த ஒரு மூலையில் மட்டும் படுகை பால் ஊற்றினது போல வெளுத்துக் கிடந்தது.

அவர் அதைப் பார்க்காமல் இல்லை. பாட்டில் மாற்றும்போதெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவன் சரக்கும் தொட்டியைக் கெடுத்துருச்சு" என்று பாட்டிலைத் திட்டினார். அடுத்த பாட்டிலை வாங்கினார்.

தினமும் அதே இடத்தில் லேசர் பட்டுப் பட்டு மங்கிய இடம். கம்பெனி ரெசின் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தாலும் சமாளித்துக்கொண்டு கெட்டியானது. வேறு ரெசின்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆசாரி முக்காலியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சம்சாரம் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, தனியாச் சிரிக்கறீங்க?" என்று கேட்டாள்.

*

"முதல் நாளே உங்களுக்குத் தெரியுமுங்களா டீச்சர்?"

"பாதியில பிஞ்சு தொட்டியில ஒட்டுதுன்னீங்களே, அப்பவே ஒரு சந்தேகம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"ஈசானி மூலையில கோளாறுன்னு சொல்லியிருந்தா?"



"சண்டைக்கு வந்திருப்பேனுங்க."

டீச்சர் டீ வரவழைத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

"சரிங்க டீச்சர். நடந்தது நடந்துபோச்சு. இப்பச் சொல்லுங்க, இதுல எந்தப் பாட்டில்?"

டீச்சர் எழுந்து பையை எடுத்தார். ஆசாரியின் தோளில் மாட்டிவிட்டார். வாசல் வரை கூடவே வந்து, செருப்பை நேராக்கி வைத்தார்.

*

ஆசாரி பழைய படுகையை உரித்தெடுத்தார். நகைக்கு ரப்பர் அச்சு ஊற்றிப் பழகிய கை; புதுச் சிலிக்கோனைக் கலந்து, குமிழி இல்லாமல், மட்டம் பார்த்து ஊற்றினார். அது காய்கிற வரைக்கும் பட்டறைக்குள் யாரையும் விடவில்லை.

பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

ஒன்று திரை வைத்த புது மெஷினுக்கென்று செய்தது. அங்கே ஒரு அடுக்கு முழுவதற்கும் வெளிச்சம் நின்று விழும். ஆசாரியின் லேசரோ ஓடிக்கொண்டே இருப்பது. அந்த ரெசின் கடைசி வரைக்கும் கொழகொழவென்றே இருந்தது. ஊர் முழுக்கப் புகழ்ந்த பாட்டில் அது.

இன்னொன்று கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டி. தட்டு ஏறி இறங்குவதற்குள் அடியில் வந்து சேரவில்லை.

குன்றிமணி போட்ட பாட்டிலில் மாங்காயும் அழகாக வந்தது. ஆசாரி துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் சூளையில் எரித்தபோது சாம்பல் தங்கி, வார்ப்பு முழுக்க அம்மைத் தழும்பு விழுந்தது.

இந்த முறை அவர் யாரையும் திட்டவில்லை. எது எதனால் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதுவே பெருமையாக இருந்தது. வயதான லேசருக்குக் கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுத்தார். குளிர்ந்த காலையில் ரெசினை இளஞ்சூடாக்கி ஊற்றினார். மாங்காயை இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு ஒரு பக்கம் என்று தட்டெங்கும் வளர்த்தார். ஈசானி மூலைக்கும் அதன் முறை வந்தது.

கடைசியில் ஒரு பாட்டில் தேறி நின்றது. யாரும் பெரிதாகச் சொல்லாத பாட்டில்.

*

ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. ஆசாரி தங்கத்தில் வார்த்த மாங்காயை முதலாளியின் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

முதலாளி லென்ஸைக் கண்ணில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"எந்தப் புது மெஷின் ஆசாரி?"

"பழசுதானுங்க."

"மாலை முழுசும் நீங்களே போட்டுருங்க," என்றார் முதலாளி. படத்தைச் சுருட்டி ஆசாரியின் கையிலேயே கொடுத்தார்.

அங்கிருந்து நேராக உக்கடம். ஆட்டோவில் போகும்போது ஆசாரி படத்தை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்த மாங்காய் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டீச்சர் மாங்காயைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மெல்லிசான நரம்பெல்லாம் அறுந்து போகாமல் ஓடியிருந்தது. நுனி, படத்தில் வளைந்த மாதிரியே வளைந்திருந்தது.

"என்கிட்டயும் பழைய லேசர் மெஷின்காரங்க நாலு பேரு கேட்டுட்டே இருக்காங்க," என்றார் டீச்சர். "எந்தப் பாட்டிலுங்க ஐயா?"

குழந்தைவேலு ஆசாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏதோ ஒண்ணுங்க. நீங்க மாங்காயைப் பாருங்க, டீச்சர்."