யார் அட்டையில் யார் மனைவி

அந்தக் குடும்ப அட்டை அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. குடும்பத் தலைவரைப் பதிந்ததும் கம்ப்யூட்டரே ஓர் எண் போடும். அடுத்து மனைவி, மக்கள் பெயர்களை அடித்தால், அவற்றை அந்த எண்ணின் கீழ் சேர்த்துக்கொள்ளும். அந்த புரோகிராமை எழுதியவர் அதிகாரி கனகசபாபதி.

ஒரு நாள், சடையன் என்ற விவசாயியின் மனைவி பெயர் முன்பின் தெரியாத ஒருவன் அட்டையில் அச்சாகி வந்தது.

"உன் கைதான் தப்பு. நாளையிலிருந்து வேலைக்கு வராதே!" என்று, பெயர்களைப் பதியும் ஒப்பந்த ஊழியை வேலம்மாள்மேல் பாய்ந்தார் கனகசபாபதி. "என் புரோகிராம் தப்புப் பண்ணாது. பண்ணினால் இப்போதே காட்டு, பார்ப்போம்!"

வேலம்மாள் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"காட்டுறேன் சார். உங்க குடும்பத்தை உங்க கையாலேயே பதிங்க."

அவர் தன் பெயரைப் பதிந்தார். மனைவி பெயரை அடித்து முடிப்பதற்குள், பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலம்மாள் வாட்ச்மேன் இருளப்பனைப் பதிந்துவிட்டாள். அட்டைகள் அச்சாகி வந்தன. அதிகாரியின் மனைவி மரகதவல்லி இருளப்பன் அட்டையில் இருந்தார்.

"ஐயோ சாமி, எனக்கு வீட்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா!" என்று அலறினான் இருளப்பன். அட்டைக்காக நின்ற வரிசையே குலுங்கிச் சிரித்தது.

"உங்களுக்குப் போட்ட எண்ணை புரோகிராம் அப்பவே குறிச்சு வச்சுக்கணும் சார்" என்றாள் வேலம்மாள். "உங்க புரோகிராம், சம்சாரம் பேரைச் சேர்க்கிறப்போதான் கடைசியாப் போட்ட எண் எதுன்னு விசாரிக்குது. அதுக்குள்ள அடுத்த ஆள் வந்தாச்சு."

"அழி! முதல்ல அதை அழி!"

"சடையனுக்கும் இப்படித்தானே பதறியிருக்கும்? வரிசையில வாங்க சார். இன்னைக்கு அவர் சம்சாரத்தை அவர் அட்டைக்கு அனுப்புறேன். உங்க வீட்டு அம்மாவை நாளைக்கு வேலைக்கு வந்து அனுப்புறேன்."