கேப்டன் மாப்பிள்ளையும் மூன்று ஞாயிறும்

கல்லுப்பொட்டல்காரர்கள் முட்டாள்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. வெளியாட்களுக்கு முழு விவரம் தெரியாது, குறைத்துச் சொல்கிறார்கள். நான் அந்த ஊர்ப் பெண், அதிலும் இந்தக் கதையில் வருகிற வண்டிக்காரர் சந்தியாகுவின் நேர்வழிப் பேத்திக்குப் பேத்தி. மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் பத்து வருஷம் தேய்த்தும் எனக்கே அது முழுசாகப் போகவில்லை. என் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் முளைத்துவிட்டதா என்று தினமும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். நல்ல சாதிக் குதிரைகள் பெருகட்டும் என்று சர்க்கார், பொலிகுதிரைகளை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டைக் குதிரை வைத்திருக்கிற குடியானவர்கள் கொண்டுவந்து சேர்த்துச் சினைப்படுத்திக்கொள்ளலாம். இலவசம்.

எங்கள் ஊரில் இருந்ததே ஒரு பெட்டைக் குதிரை. சந்தியாகுவின் வண்டிக் குதிரை, பெயர் கிளி. கிளிக்கு வயதாகிவிட்டது. மேடு ஏறும்போது அது விடுகிற பெருமூச்சைக் கேட்டு, வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் இரக்கப்பட்டு இறங்கி நடப்பார்கள். இன்னொரு ஈற்றுக்குத்தான் அதன் உடம்பு தாங்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். இந்தத் தடவை குட்டி போடாவிட்டால், கிளிக்குப் பிறகு சந்தியாகுவுக்கு வண்டி மட்டும்தான் மிஞ்சும். அவருக்கோ வீட்டில் ஆறு பிள்ளைகள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் குதிரைக்காரர் தஸ்தகீர் பாய், சர்க்கார் குதிரையோடு வந்து இறங்கினார். கறுகறுவென்று, கழுத்தை வில்லாக வளைத்துக்கொண்டு நின்றது குதிரை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பிருவேன். நாளைக்குக் காலையில உங்க குதிரையைக் கொண்டாந்துருங்க" என்றார் பாய்.

சந்தியாகு சந்தோஷமாகத் தலையாட்டினார். உபதேசியார் இஞ்ஞாசி மட்டும் தலையாட்டவில்லை. சாமியார் வராத நாட்களில் எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிவைப்பவர் அவர்.

"நாளைக்கேவா? ஓலை வாசிக்க வேணாமா?"

யாருக்குக் கலியாணம் என்றாலும் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இது இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு தாலி ஏறியதில்லை.

"யோவ், அது குதிரைய்யா" என்றார் பாய்.

"குதிரைதான். ஆனா எங்க ஊருக் குதிரை" என்றார் உபதேசியார். "வேற ஊர்ல எப்படியோ, எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை பேரு என்ன?"

"கேப்டன்."

"பட்டாளத்துலயா?"

"சும்மா பேருதான்யா."

"தகப்பன் பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

சந்தியாகுவின் முகம் சுருங்கியது. "தகப்பன் பேரு தெரியாத எடத்துல எப்படி பாய் பொண்ணைக் குடுக்கிறது?"

பாய் வானத்தைப் பார்த்தார். "சர்க்கார்னு போட்டுக்குங்க" என்றார்.

சர்க்கார் மகன் என்றதும் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் மூன்று ஞாயிறுக்கு எங்கே போவது? சந்தியாகுவின் மனைவி பாக்கியம்தான் வழி கண்டுபிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமைன்னா என்ன? கோயில் மணி அடிக்கும், கறிக்குழம்பு கொதிக்கும், ஒருத்தரும் வேலைக்குப் போகமாட்டாங்க. இந்த மூணையும் நாளைக்குச் செஞ்சா நாளைக்கு ஞாயிறுதானே?"

இவ்வளவு புத்திசாலித்தனத்தை எங்கள் ஊர் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் ஞாயிறு என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தது, கறி கொதித்தது. கோயில் வாசலில் உபதேசியார் ஓலை வாசித்தார்: "சர்க்கார் மகன் கேப்டனுக்கும், சந்தியாகு வளர்ப்பு மகள் கிளிக்கும்..." வாசித்து முடித்ததும் மிக்கேலம்மாள் எழுந்தாள். எல்லார் வீட்டுக் கலியாணத்திலும் எழுந்திருக்கிறவள் அவள்.

"விக்கினம் இருக்கு. கிளி ஏற்கெனவே வாழ்ந்த குதிரை. சந்தையில இருந்தப்ப ஒரு கறுப்புக் குதிரையோட பழக்கம். அது உயிரோட இருந்தா என்ன செய்வீங்க?"

சந்தியாகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடனே அவர் மச்சான் சூசைமுத்துவைச் சந்தைக்கு விசாரிக்க அனுப்பினார்கள். மறுநாள் அவன் திரும்பி வந்தான்.

"செத்துப் போச்சாம்."

"நல்லா விசாரிச்சியா?"

"கறுப்புக் குதிரை செத்துப் போச்சான்னு கேட்டேன். ஆமான்னாங்க. எந்தக் கறுப்புக் குதிரைன்னு அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை."

"ஆண்டவருக்குத் தோத்திரம்!" என்றார் சந்தியாகு. கிளி விதவை. விதவைக்கு மறுமணம் செய்யச் சபையில் தடையில்லை. இரண்டாவது ஓலையும் நல்லபடியாக முடிந்தது.

அன்று பாய்க்குக் கொள்ளு வாங்க டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. போகும்போது ஊருக்குக் கிழக்கே நின்ற புளியமரத்தைக் காட்டினார். "கேப்டன் அந்த மரத்து நிழல்லயே நிக்கட்டும். நிழல் நகந்தா குதிரையையும் நகத்துங்க. வெயில்ல விட்டுறாதீங்க."

ஆறு பேர் காவல் நின்றார்கள். நிழல் ஒரு அடி நகர்ந்தால் குதிரையும் ஒரு அடி நகர்ந்தது. மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் நிழல் கிழக்கே நீள ஆரம்பித்தது. வரப்பைத் தாண்டியது, குதிரையும் தாண்டியது. ஓடையில் இறங்கியது, இவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெயில் சாய்ந்தபோது மரத்தின் உச்சி நிழல் ஓடைக்கு அப்பால், கீழப்பொட்டல்காரர்களுடைய களத்தில் போய் விழுந்திருந்தது.

"என்ன மாமா, சர்க்கார் குதிரையோட எங்க ஊருக்கு?" என்று கேட்டார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

"நாங்க ஒண்ணும் உங்க ஊருக்கு வரலை. எங்க ஊரு நிழல்லதான் நிக்கிறோம்" என்றான் சூசைமுத்து விறைப்பாக.

"வரலைன்னே வச்சுக்குங்க மாமா. அங்கயே நில்லுங்க, இந்தா வந்துர்றோம்."

ஓடிப்போய்த் தங்கள் ஊர்ப் பெட்டைக் குதிரைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாவம், அதுகளுக்கும் வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்து, எங்களவர்கள் நிழலில் இடம் விட்டு ஒதுங்கி, மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

பொழுது சாயத் திரும்பி வந்த பாய், கேப்டன் நின்ற நிலையைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். தலைப்பாகையைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"இனிமே ஒரு முழு நாள் ஓய்வு குடுக்காம இது எதுக்கும் ஆகாது! நாளைக்கு உங்க குதிரையைக் கொண்டாந்துறாதீங்க!"

"எப்படி பாய் கொண்டாருவோம்?" என்று சந்தியாகு வருத்தத்தோடு கேட்டார். "நாளைக்கு மூணாவது ஞாயிறு. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையை வேலை வாங்குவோமா?"

பாய் தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை (எங்கள் கணக்கில் திங்கட்கிழமை) கிளியைக் குளிப்பாட்டி, சாமந்தி மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேப்டன் அதற்குள் தெளிந்திருந்தது. காரியம் முடிந்தது. பாய் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மத்தியானம் வரை காத்திராமல், குதிரை மேல் ஏறிப் போய்விட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசை வைக்க வந்தார். கோயிலில் ஓர் ஆள் இல்லை. ஊரே வயலில் நின்று உழுதுகொண்டிருந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியாதா?" என்று கத்தினார் சாமியார்.

உபதேசியார் வரப்பில் முழங்காலிட்டார். "தெரியும் சாமி. ஆனா எங்க ஞாயிறு மூணை முன்னாடியே எடுத்துக்கிட்டோம். இன்னைக்கும் எடுத்தா ஆண்டவரை ஏமாத்தின மாதிரி ஆயிரும்."

சாமியார் தனியாகப் பூசை வைத்து, தனக்குத்தானே பிரசங்கமும் சொல்லிக்கொண்டு போனார். அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றி.

கிளிக்குச் சினை பிடித்தது. மாதங்கள் நிறைந்து ஒரு மழைநாளில் குட்டி போட்டது. தகப்பனைப் போலவே கறுப்பு. சந்தியாகு கோயிலுக்கு ஓடி மணி அடித்ததில், ஊர் இன்னொரு ஞாயிறு வந்துவிட்டதென்று நினைத்து வேலையை நிறுத்தியது.

குட்டியைப் பார்க்க சர்க்கார் குதிரை வைத்தியர் வந்தார். தட்டிப் பார்த்து, பல்லைப் பார்த்து, "நல்ல குட்டி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனிச்சுக்குங்க. குட்டி எப்பவும் தாய் கண்ணுக்கு முன்னாலயே இருக்கணும். கண்ணுல படலைன்னா தாய் ஏங்கும், பால் வத்திப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. தாய் மனசு அப்படித்தான். ஆனால் எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

சந்தியாகு மறுபடி வண்டி பூட்டினார். வண்டியில் பூட்டினால் கிளிக்குக் கண்பட்டை கட்டவேண்டும். கட்டினால் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, நேர் எதிரே மட்டும்தான் தெரியும். குட்டியோ வண்டிக்குப் பின்னால்தான் துள்ளிக்கொண்டு வந்தது. சந்தியாகு யோசித்தார். குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளிக்கு முன்னால் நடந்தார். வண்டியை, அதில் ஏறியவர்களே ஓட்டிக்கொண்டார்கள்.

குட்டி வளர்ந்தது. வளரும் என்று வைத்தியர் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் சூசைமுத்து பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டான். அடுத்த கோடையில் இரண்டு மூங்கிலைக் கட்டி, நாலு பேர் நாலு முனையில் தோள் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் எட்டுப் பேர். மேலே கறுப்புக் குதிரை சுகமாகப் படுத்துக்கொண்டு, கழுத்தை வில்லாக வளைத்து ஊர் பார்த்துக்கொண்டு வரும். பின்னால் கிளி, பெருமூச்சு விட்டபடி வண்டியை இழுத்துவரும்.

ஒருநாள் சுங்கச்சாவடிக்காரர் இந்த ஊர்வலத்தை நிறுத்தினார்.

"யோவ், மேல இருக்கிறது நல்லா வளந்த குதிரையாச்சே?"

"ஆமாங்க" என்றார் சந்தியாகு, மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு. "இதை நம்பித்தாங்க எங்க குடும்பமே இருக்கு."

"அப்புறம் ஏன்யா அந்தக் கெழட்டுக் குதிரையைப் போட்டு வதைக்கிறீங்க? இதையே வண்டியில பூட்டலாமில்ல?"

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்த மனிதர், இப்படிக் கேட்கிறாரே என்று அவர்களுக்கு வருத்தமாக இருந்தது.

"பூட்டலாந்தாங்க" என்றார் சந்தியாகு பொறுமையாக. "ஆனா பூட்டினா வண்டியையும் சேத்துல்ல தூக்கணும்?"