ராஜா தராசில் ஏறிய கதை

முத்தாலங்கோட்டை ராஜா மாணிக்கபூபதியின் அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் ஒன்றின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ளும்.

முதலாவது, ஊர் கூழ் குடித்த காலத்தில் அவர் நெய்யில் குளித்தார்.

இரண்டாவது, பிறந்தநாள் துலாபாரத்தை நிறுத்தினார். ராஜாவின் எடைக்கு எடை அரிசி ஊருக்குத் தருவது அந்தக் கோட்டையின் வழக்கம். கடைசி முறை வண்டி மூட்டையெல்லாம் தீர்ந்தும் ராஜா உட்கார்ந்த தட்டு தரையை விட்டு அசையவில்லை. "இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க சாமி, எங்க தெருவுக்கும் வரட்டும்!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். ஊரே சிரித்தது. ராஜா இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாவது, 'அரசர் தராசில் ஏறும்வரை ஊரில் எவனும் தராசைத் தொடக்கூடாது' என்று ஆணை போட்டார்.

நான்காவது, தராசில்லாத ஊரின் அரிசி வியாபாரத்தைப் பண்டகசாலை அதிகாரி அருமைநாயகத்திடம் ஒப்படைத்தார். அதிகாரி கையால் அள்ளி "இது ஒரு வீசை" என்றால் ஒரு வீசைதான். வாங்கும்போது அந்தக் கை முறமாக விரியும். விற்கும்போது கோழிக்காலாகச் சுருங்கும்.

சும்மா கிடைத்ததா அந்த உத்தியோகம்? துலாபாரம் நின்ற அன்று சபையில் அவர் சத்தியமே செய்தார். "பிரபு, தாங்களா பருமன்? தங்கள் எடைக்கும் என் எடைக்கும் நெல்முனை வித்தியாசம் இல்லை. என்னை யாராவது பருமன் என்றார்களா?" சொல்ல யாருக்குத் துணிச்சல்?

சபையின் விகடகவி உலகண்ணனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "அதிகாரியின் கைக்கும் வைத்தியம் பாருங்கள், நாளுக்கு நாள் இளைக்கிறது" என்பான். அதனால் அதிகாரிக்கு அவன் கண்ணில் விழுந்த தூசி.

இப்படியிருக்க, ராஜாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. வைத்தியர் கொள்ளுக்கஞ்சி கொடுத்தார். மாதக்கணக்கில் கஞ்சி. இடுப்பு வேட்டி நழுவத் தொடங்கியது.

"நான் இளைத்தேனா, நெசவுதான் தளர்ந்ததா?" ராஜாவுக்குத் தீராத சந்தேகம். தராசில் ஏறவோ பயம்.

அதிகாரி அவர் காதில் ஓதினார். "உலகண்ணனைக் கேளுங்கள் பிரபு. பெரிய அறிவாளியாயிற்றே!"

ராஜா கூப்பிட்டார். "உலகண்ணா! நான் இளைத்தேனா இல்லையா, சொல். வாய்வார்த்தை வேண்டாம், நிரூபித்துக் காட்டு. ஆனால் என் எடை யாருக்கும் தெரியக்கூடாது. பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் உன் பெயரைக் கடைத்தெருவில் படிக்கச் சொல்வேன்."

நாலு சாட்சி முன்னால் பெயர் படிக்கப்பட்டவனுக்கு அந்த ஊரில் நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. கட்டிய துணியோடு எல்லை தாண்ட வேண்டியதுதான். பறையடித்துப் படிப்பவன் வாசலில் வந்து நின்றுவிட்டான்.

மாலையில் உலகண்ணனோடு பழைய துலாபாரத் தராசும் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. ராஜாவும் அதிகாரியும் வந்தார்கள், ஊரும் கூடவே வந்தது.

"தராசைத் தொட்டுவிட்டான்!" என்று துள்ளினார் அதிகாரி.

"நான் எங்கே தொட்டேன்? மாடு இழுத்தது. மாட்டுக்கு ஆணை போடவில்லையே!"

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "அதை அப்புறப்படுத்து!"

"எதைக் கண்டு பயம், மகாராஜா? இரும்பையா, கயிற்றையா?"

ராஜா குரலைத் தாழ்த்தினார். "அன்று சிரித்தார்களே..."

"அது அரிசி வரும் என்ற சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. தாங்கள் இறங்கினீர்கள், அது நின்றது. அதற்கப்புறம் இந்த ஊர் எங்கே சிரித்தது?"

ராஜா கூட்டத்தைப் பார்த்தார். ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"எடைக்கல் வைக்கமாட்டாயே?"

"எதற்கு? எதிர்த்தட்டில் பழைய மகாராஜாவையே உட்காரவைக்கிறேன்."

"பழைய ராஜாவா? அவன் எங்கே இருக்கிறான்?"

உலகண்ணன் அதிகாரியைக் காட்டினான். "நெல்முனை வித்தியாசம் இல்லை என்று சத்தியம் செய்தாரே! தங்கள் அன்றைய எடை இவரிடம் பத்திரமாக இருக்கிறது. தாங்கள் மேலே போனால் இளைத்தீர்கள். கீழே இருந்தால் நான் ஊரை விட்டுப் போகிறேன்."

அதிகாரி விழித்தார். உட்காரமாட்டேன் என்றால் சத்தியம் பொய். உட்கார்ந்தார். கட்டை முனகியது.

எதிர்த்தட்டில் ராஜா கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார்.

தட்டு மெல்ல எழுந்தது. இன்னும் எழுந்தது. ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். கால் தரையில் இல்லை!

"போகிறேன்டா! மேலே போகிறேன்!" என்று ஊஞ்சலாடும் குழந்தைபோலக் காலை ஆட்டினார். பிழைத்தோம் என்று அதிகாரியும் கை தட்டினார்.

உலகண்ணன் ஊரைப் பார்த்துத் திரும்பினான். "அரசர் தராசில் ஏறிவிட்டார். ஆணை அதோடு தீர்ந்தது. பரணில் போட்ட தராசுகளை எடுத்து வாருங்கள், அதிகாரி விற்ற அரிசியையும் கொண்டுவாருங்கள். ஒரு வீசை எவ்வளவு என்று பார்த்துவிடலாம்!"

கூட்டத்தில் பாதி வீட்டுக்குப் பறந்தது. அதிகாரி முகம் வெளுத்தது. சட்டென்று தட்டிலிருந்து குதித்து ஓட்டம் பிடித்தார்.

தொம்! ராஜா தட்டோடு தரைக்கு வந்தார்.

ராஜா எழுந்து பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டார். ஓடுகிறவரின் தொந்தி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். ஊரும் சிரித்தது. இந்த முறை அவர் இறங்கிப் போகவில்லை.

"நான் ஏறிவிட்டேன், அவனல்லவா ஓடுகிறான்! உலகண்ணா, அவன் பண்டகசாலை அரிசியிலேயே நாளைக்குத் துலாபாரம். உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"ஒன்றே ஒன்று, மகாராஜா. இன்று ராத்திரி மட்டும் கஞ்சியை நிறுத்தி, வயிறாரச் சாப்பிடுங்கள். தாங்கள் இளைத்தால் ஊருக்கு மூட்டை குறைகிறது."

பறைக்காரன் நெளிந்தான். "சாமி, பொழுது சாயுது. யார் பேரைப் படிக்கட்டும்?"

"தராசைக் கண்டு பயந்தவன் பெயரைப் படி!" என்றார் ராஜா.

நாலு சாட்சிகள் முன்னே வந்து நின்றார்கள். பறை முழங்கியது.

"கேளுங்கள், கேளுங்கள்! பண்டகசாலை அதிகாரி, அரிசி வியாபாரி, அருமைநாயகம்!"