ஆறாம் நம்பர் மெஷின்

"மாசிலாமணியை வேலையை விட்டு நிறுத்தலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும், அம்மா."

ரங்கதுரை வந்ததும் வராததுமாகக் கேட்டார். ஆனைமலை அடிவாரத்துக் குடிலில் வேலாத்தாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவிதான், ஆனால் கேட்டவரைவிட இரண்டு வயது இளையவர்.

"அவரு என்ன பண்ணினாருங்க?"

"ஒண்ணுமே பண்ணலைங்க. அதுதான் சிக்கல்."

ரங்கதுரை தென்னைநார்க் கம்பெனி மேலாளர். ஆறு மெஷின், ஒவ்வொன்றையும் பராமரிக்க ஓர் ஆள். எது பழுதானது, யார் சரிசெய்தார், என்ன பார்ட்ஸ் மாற்றினார், எல்லாம் இப்போது சாஃப்ட்வேரில் ஏறிவிடும். வேலையில்லாமல் யாராவது சம்பளம் வாங்குகிறார்களா என்று முதலாளி கேட்டிருந்தார்.

ரங்கதுரை செல்போனை நீட்டினார்.

"பாருங்க. தங்கராசு, ஒரு வருஷத்துல அறுபத்திரண்டு வேலை முடிச்சிருக்காரு. சின்னான் நாற்பது. ஆறாம் நம்பர் மெஷின் மாசிலாமணி, பூஜ்யம்!"

"ஆள் எப்படிங்க?"

"தங்கமான மனுஷன். அதனாலதான் மனசு கேட்க மாட்டேங்குது."

அம்மா செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சம்பளத்தோட பதினஞ்சு நாள் லீவு கொடுங்க."

"சும்மா இருக்கிறவருக்கு லீவா?"

அம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

முணுமுணுத்துக்கொண்டே போனாலும் ரங்கதுரை லீவு கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஆறாம் நம்பரில் பெல்ட் அறுந்தது. ஐந்தாம் நாள் பேரிங் சூடேறிப் புகைந்தது. தங்கராசுவும் சின்னானும் மாறி மாறி ஓடினார்கள். சாஃப்ட்வேரில் மளமளவென்று ஒன்பது வேலை ஏறியது. நார் ஏற்ற வந்த லாரி காலியாக நின்றது. முதலாளி காலையிலும் மாலையிலும் ஃபோனில் கத்தினார்.

எட்டாம் நாள் ரங்கதுரை மாசிலாமணியின் வீட்டுக்கே போய்விட்டார்.

"அந்த மெஷினை தினமும் என்னதான் பண்ணுவீங்க?"

"போனதும் துடைப்பேனுங்க. ஓட விட்டு சத்தம் கேட்பேன். எங்காச்சும் லூசா இருந்தா ஒரு திருகு. அவ்வளவுதானுங்க."

"அதை ஏன் செல்போன்ல ஏத்தலை?"

"'என்ன பழுது?'ன்னு கேட்குதுங்க. பழுதே இல்லையே, என்னத்தை ஏத்துறது?"

ரங்கதுரைக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சட்டென்று எழுந்துவிட்டார்.

மாசிலாமணி பயந்துபோனார்.

"சார், எனக்கு வேலை போயிடுச்சுங்களா?"

"உங்களுக்கு எங்க போகுது? இன்னைக்கு நீங்க வரலைன்னா எனக்குத்தான் போயிடும். சட்டையை மாட்டுங்க."