ஒரே வாயில் வந்த முடிவு

அது முன்னொரு காலம். ஆற்றோரத்து நாடொன்றைத் தாரகவேந்தன் ஆண்டுவந்தான். ஓராண்டு மழை ஓய்ந்ததும் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு நடுக்கம். தெருவுக்குத் தெரு சாவு. அரசியும் படுத்த படுக்கையானாள். எல்லாம் கொசுக்கடியால் வந்த வினை என்று சொல்லிவிட்டார் அரண்மனை வைத்தியர்.

அரசன் சபையைக் கூட்டினான். புகை போடலாம், வலை கட்டலாம், நீர்நிலைகளை மூடலாம் என்று யோசனைகள் வந்தன. எதைத் தேர்வது? அதில்தான் சண்டை மூண்டது.

"தெய்வத்தின் முன் பூக்கட்டிப் பார்ப்போம்" என்றார் ராஜகுரு.

"கைதூக்கச் சொல்லி எண்ணுவோம்" என்றார் தளபதி மழவரையர்.

"நன்மை தீமைகளைக் கல்லாக வைத்துத் தராசில் நிறுப்போம்" என்றார் அமைச்சர் பிரம்மராயர்.

மூன்றையும் செய்து பார்த்தார்கள். பூ, புகை என்றது. கைகள், வலை என்றன. தராசோ எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.

அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. "அங்கே ஜனங்கள் சாகிறார்கள்! நாளைச் சபையில் நீங்கள் மூவரும் ஒரே வாயாக முடிவு சொல்லியாகவேண்டும்!"

விகடகவி சாத்தப்பன்மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த பிரம்மராயர் எழுந்தார். "அரசே, எங்களை ஒன்றுசேர்க்கும் வேலையைச் சாத்தப்பனிடம் ஒப்படையுங்கள். முடியாவிட்டால் நாடுகடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

மறுநாள் சாத்தப்பன், துணியால் வாய் கட்டிய பெரிய பானையோடு வந்தான். அரசன் ஆவலோடு குனிந்து பார்த்தான். சட்டென்று துணியை உருவினான் சாத்தப்பன்.

கொசுக்கள்! கரும்புகைபோல் எழுந்தன. அரசன் துள்ளிப் பின்வாங்கினான். அரசியின் நடுங்கும் கைகள் கண்முன் வந்தன. ராஜகுரு மேலாடையால் முகத்தை மூடினார். மழவரையர் தூணுக்குப் பின்னால் ஒண்டினார். பிரம்மராயர் ஆசனத்தோடு கவிழ்ந்தார்.

"மூடு! மூடு! மூடித் தொலை!" மூவரும் ஒன்றாக அலறினார்கள்.

சாத்தப்பன் பானையை மூடினான். "கேட்டீர்களா, பிரபு? ஒரே வாயாக முடிவு சொல்லிவிட்டார்கள்!"

"அடப்பாவி! எங்களைக் கொல்லவா பார்த்தாய்?" என்று கத்தினான் அரசன்.

"இல்லை, பிரபு. நேற்றுப் புழுவாய் முகந்தேன். இன்று காலைதான் சிறகு முளைத்தது. காய்ச்சல்காரரைக் கடித்த கொசுதானே நோயைச் சுமக்கும்? இவை இன்னும் யாரையும் கடிக்காதவை."

"எங்கே முகந்தாய்?"

"பிரம்மராயர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்."

அரசன் கவிழ்ந்துகிடந்த அமைச்சரைப் பார்த்தான், சாத்தப்பனைப் பார்த்தான். எங்கிருந்தோ பொங்கியது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நாடெங்கும் தொட்டிகளை மூடுங்கள், குட்டைகளைத் தூர்த்துவிடுங்கள்! அமைச்சரே, உம் வீட்டிலிருந்து தொடங்கும்!" என்று ஆணையிட்டவன், கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டான்.