உலகநாதன் அண்ணாச்சியின் புதினா

எங்க மடம் சின்னது. சாமி ஒருத்தர், சீடருங்க பதினஞ்சு பேரு, சமையலுக்கு நான் ஒருத்தி. என் பேரு இசக்கி. சாமிக்கு நாப்பது வயசு. சீடருங்கள்ல மூத்தவரு உலகநாதன் அண்ணாச்சி, அவருக்கு அறுபத்தி மூணு. தபால் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு.

அந்த அறுபத்தி மூணு வயசு ஆளோட நான் பட்ட பாடு இருக்கே, அத யாருகிட்டச் சொல்லி அழ?

ஆவணி மாசம் ஒரு சாக்கு மூட்டையோட வந்து இறங்குனாரு. துணிமணியா இருக்கும்னு பாத்தேன். அவுத்தா பூராவும் புதினா.

"என்ன அண்ணாச்சி, மடத்துக்குக் காய்கறி யாவாரமா?"

"எங்க வீட்டுக்காரி வடிவு வச்ச செடி, இசக்கி. அவ போயி ஆறு மாசம் ஆச்சு. பயலுக வீட்ட வித்துட்டானுக. நாளைக்கு இடிக்கப் போறாங்க. அதான் அறுத்துட்டு வந்துட்டேன்."

"வேரோட பிடுங்கிட்டு வர வேண்டியதுதான?"

"அவ ஊனுன இடத்துல இருந்து பிடுங்க எனக்குக் கை வரல."

எனக்கு மனசு கேக்கல. சரி, வச்சுக்கிடும்னு அலமாரியில ஒரு தட்டு ஒழிச்சுக் கொடுத்தேன். அது நான் செஞ்ச முதல் தப்பு.

புதினாவ நிழல்ல பரப்பி நல்லா காத்தாட விடணும். இலைய எடுத்துக் கசக்குனா மொறுமொறுன்னு நொறுங்கணும். அப்புறம்தான் பாட்டில்ல போட்டு மூடணும். இது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இவரு அரை நாள் பரப்பிட்டு அள்ளி, ஊறுகாய் பாட்டில்ல திணிச்சு இறுக்கி மூடிட்டாரு.

"அண்ணாச்சி, ஈரம் இருக்கு. பூஞ்சை பிடிக்கும்."

"காத்தாட விட்டா வாசனை போயிருமே."

"வாசனை போகாம எப்படிக் காயும்?"

"போகக் கூடாது இசக்கி. அவ சேலையில கூட இந்த வாசனைதான் இருக்கும்."

நான் கரண்டியத் தூக்கிக்கிட்டு அடுப்புகிட்டப் போயிட்டேன்.

பத்தாம் நாள் பன்னெண்டு பாட்டில்லயும் வெள்ளையா பூத்துருச்சு. மூடியத் தொறந்தா நாத்தம் குடலப் புடுங்குது. அண்ணாச்சி ஒவ்வொரு பாட்டிலா மோந்து மோந்து பாத்தாரு. மிச்சம் இருந்தத நல்லெண்ணெயில ஊறப் போட்டாரு, அது சிக்கு வாடை அடிச்சிருச்சு. ஈரத் துணியில சுத்தி வச்சது கறுத்துக் கூழாயிருச்சு. எல்லாத்தையும் கழுவிக் கவுத்தது யாரு? நான்தான்!

ஈரச் சாக்குக்குள்ள பச்சை மாறாம கடைசியா மிஞ்சினது ஏழு தண்டு. அத ஒரு டம்ளர் தண்ணியில வச்சு, தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குனாரு. நாலஞ்சு நாள்ல தண்டுல இருந்து வெள்ளை வெள்ளையா நூல் விட்டுச்சு. பாத்தா, பிளேடு எடுத்து ஒவ்வொண்ணா நறுக்கிட்டு இருக்காரு!

"என்ன கோட்டித்தனம் இது! அண்ணாச்சி, அது வேரு!"

"தண்ணி கலங்குது. வாசனை கெட்டுரும்."

தினமும் அது வேரு விடும், தினமும் இவரு நறுக்குவாரு. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அன்னைக்குச் சாயந்திரம் அவரு சாமிகிட்டப் போயி நின்னாரு. நான் அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு.

"சாமி, இருக்கிறது போகாம வச்சுக்கிறதுக்கு வழி என்ன?"

"எது போகாம?"

"ஏழே ஏழு தண்டு மிச்சம் இருக்கு. அதுவும் போச்சுன்னா அவ சுத்தமா போயிருவா."

சாமி நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொன்னாரு.

மறுநாள் அண்ணாச்சி குளிக்கப் போன நேரத்துல சாமி சமையக்கட்டுக்குள்ள வந்தாரு. கையில அந்த டம்ளரு.

"இசக்கி, இன்னைக்குத் துவையல் என்ன?"

"தேங்காத் தொவையல் சாமி."

"இதையும் சேத்து அரைச்சிரு."

"சாமி, அந்த மனுசன் என்னைக் கொன்னே போட்டுருவாரு!"

"என்னைத்தான் கொல்லுவாரு. நீ அம்மிய எடு."

அவரே உக்காந்து இலைய ஒவ்வொண்ணா கிள்ளுனாரு. மொட்டைத் தண்டுகள எடுத்துட்டுப் போயி, நான் பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற எடத்துல விரலால குழி பண்ணி ஊனுனாரு. கையக் கழுவிக்கிட்டுப் போயிட்டாரு.

பந்தியில எல்லாருக்கும் நெல்லிக்காய் அளவு வச்சேன். அண்ணாச்சி சோத்தப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சாரு. கை பாதியில நின்னுருச்சு. கண்ணு நிறைஞ்சிருச்சு. அப்புறம் எந்திரிச்சு ஓடிப் போயி தலைமாட்டப் பாத்துட்டு வந்தாரு.

"யாரு பண்ணுனது?"

"நான்தான்" அப்படின்னாரு சாமி.

"உமக்கெல்லாம் சாமின்னு பேரு வேற! ஆறு மாசமா உசிரப் பிடிச்சு வச்சிருந்தேன் அதுல. அரைச்சு ஊருக்கு ஊட்டிட்டீரே!"

"எப்படி இருந்துச்சு?"

அண்ணாச்சி எலையப் பாத்தாரு.

"அவ கைப்பக்குவம் மாதிரியே இருந்துச்சுவே" அப்படின்னு கத்திட்டு, பைய எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு.

போறதுக்கு வீடு எங்க இருக்கு? இடிச்சாச்சே. பொழுது சாயுற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தாரு. அஞ்சு மணி பஸ்ஸும் போயிருச்சு. நான் போயி, "எலையில வச்ச சோறு அப்படியே கெடக்கு, சாப்பிட வாரும்"னு கூப்பிட்டேன். வந்தாரு. தொவையல மட்டும் கடைசி வரைக்கும் வச்சிருந்து நக்கித் தின்னாரு. சாமிகிட்ட மட்டும் பேச்ச நிறுத்திட்டாரு.

ஐப்பசி மழை ரெண்டு பெஞ்சுச்சு. கழுவுற தண்ணி ஓடுற எடத்துல ஏழு தண்டும் துளுத்துருச்சு. கார்த்திகை பொறக்குறதுக்குள்ள ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்துருச்சு. மொதல்ல பாத்தது நான்தான். ஓடிப் போயிச் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். அது நான் செஞ்ச ரெண்டாவது தப்பு.

மறுநாள் விடிஞ்சு பாத்திரத்தத் தூக்கிட்டுப் போனா, சுத்தி வேலி! முள்ளு வெட்டிப் போட்டு, கயிறு கட்டி, அட்டையில எழுதித் தொங்க விட்டிருக்காரு: 'யாரும் கிள்ளக் கூடாது.' நான் எங்க உக்காந்து பாத்திரம் கழுவ? அண்ணாச்சி நாற்காலி போட்டுக் காவலுக்கு உக்காந்திருக்காரு.

"ஒரு கைப்பிடி கொடும் அண்ணாச்சி, ரசத்துல போடணும்."

"தொடாத! மறுபடியும் மொதல்ல இருந்தா?"

ரெண்டு வாரமா கிள்ளாத செடி நெடுநெடுன்னு வளர்ந்து, அடி இலையெல்லாம் பழுத்து உதிருது. எனக்கு வந்த ஆத்திரத்துல பாத்திரத்த டமார்னு போட்டேன். நேரா சாமிகிட்டப் போனேன்.

"சாமி, ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இந்தக் கூத்த என்னால பாக்க முடியாது!"

சாமி எந்திரிச்சு வந்தாரு. வேலிக்கு வெளிய நின்னாரு. ரெண்டு மாசமா பேசாத மனுசங்கிட்ட மெதுவா கேட்டாரு.

"அய்யா, வடிவம்மா இந்தச் செடிய எத்தனை வருசம் வச்சிருந்தாங்க?"

அண்ணாச்சி மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. ஆனா வடிவம்மா பேரச் சொன்னா அவரால சும்மா இருக்க முடியாது.

"முப்பது வருசம்."

"எப்படி வச்சிருந்தாங்க?"

"அவளுக்கு எங்க வச்சிருக்கத் தெரியும்? கூறுகெட்டவ! காலையில எந்திரிச்சதும் கிள்ளுவா. அடுத்த வீட்டுக்காரி வந்து நின்னா அள்ளி அள்ளிக் கொடுப்பா. பால்காரனுக்குக் கூட ஒரு கைப்பிடி. 'இப்படிக் கிள்ளுனா செடி என்னத்துக்குடி ஆகும்'னு நான் முப்பது வருசமா கத்துனேன். ஒரு நாளாவது கேட்டாளா..."

செடியப் பாத்தாரு. பழுத்துக் கெடந்த இலையப் பாத்தாரு.

சாமி அந்த அட்டையக் கழட்டி அவரு மடியில வச்சாரு.

"கத்துறதுக்கு இப்பவும் நீங்க இருக்கீங்க அய்யா. கிள்ளுறதுக்குத்தான் ஆள் இல்ல."